சரணாலயமே நிபந்தனையாக அமைந்த ஒரு கழிவுநீர் நிலையம்: ஆர்கேட்டா நிகழ்வு ஆய்வு

## பதிவின் நோக்கம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் குளங்களில் பறவைகள் வந்து தங்குவது எந்த நாட்டிலும் காணக்கூடியதுதான். தண்ணீர் வற்றுவதில்லை, சுற்றிலும் வேலி இருக்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு. ஆகவே அவை தாமாகவே வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஹம்போல்ட் விரிகுடாவின் வடகரையிலுள்ள ஆர்கேட்டா என்னும் சிறு நகரில் நடந்தது இதனினும் வேறானது. அந்நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து விரிகுடாவில் விடுவதற்கான அனுமதியைப் பெற்றதே, அதே நிலத்தில் ஒரு சரணாலயத்தை உருவாக்கிக் காட்டியதால்தான். நிலையத்தின் அனுமதி சரணாலயத்தைச் சார்ந்தும், சரணாலயத்தின் நீர் நிலையத்தைச் சார்ந்தும் அமைந்தன. அங்கே பின்னாளில் விளைந்த நன்மையும் சிக்கலும் இந்த ஒரே முடிச்சிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு. ஆகவே அந்த முடிச்சு எப்படி விழுந்தது என்பதிலிருந்தே இதை எழுதுகிறேன். இதில் வரும் தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

## நிலத்தின் முன்கதை

ஆர்கேட்டாவை ஒட்டிய விரிகுடாப் பகுதி ஆழமற்றது. ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றம், வடியும்போது நெடுந்தொலைவுக்குச் சேற்றுவெளி தலைகாட்டும். 1850இல் யூனியன் என்ற பெயரில் தோன்றி 1860இல் ஆர்கேட்டா எனப் பெயர் மாறிய இவ்வூருக்குக் கப்பல்கள் நேராக வர இயலாததால், 1855இல் ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்திற்கு மரத்தாலான துறைமேடை ஒன்றை விரிகுடாவுக்குள் கட்டினார்கள். அதன் அடித்தூண்களின் மிச்சம் சரணாலயக் கரையிலிருந்து பார்த்தால் இன்றும் தென்படும். பின்னர் உவர்ச் சதுப்பின் பெரும்பகுதி கரை போட்டு அடைக்கப்பட்டு மேய்ச்சல் நிலமாயிற்று. அடுத்து மர அறுவை ஆலைகள் வந்தன. கட்டைகளை மிதக்கவிடும் குளங்கள் வந்தன. 1960களில் நகரக் குப்பைக் கிடங்கும் அங்கேயே வந்து 1973இல் மூடப்பட்டது.

ஊரின் மிகத் தாழ்ந்த இடம் இதுவென்பதால் சாக்கடையும் இயல்பாக இங்கேதான் வந்து சேர்ந்தது. 1940களின் இறுதியில் திடப்பொருளைப் படியவைத்துப் பிரிக்கும் முதல்நிலைச் சுத்திகரிப்பும், 1950களில் ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்புள்ள ஆக்சிஜனேற்றக் குளங்களும், 1960களில் குளோரின் ஏற்றமும் படிப்படியாகச் சேர்ந்தன. சுத்திகரித்த நீர் விரிகுடாவில் விடப்பட்டது. கலிஃபோர்னியாவின் வளர்ப்புச் சிப்பி உற்பத்தியில் பெரும்பங்கு இதே விரிகுடாவிலிருந்து வருகிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிப்பி தான் வாழும் நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள நோய்க்கிருமி அதன் உடலில் சேர்ந்து, அதை உண்பவரைச் சென்றடையும். ஆகவே கிருமிநீக்கம் இங்கே ஒருநாளும் இரண்டாந்தர விஷயமாக இருந்ததில்லை.

சுருங்கச் சொன்னால், 1970களின் தொடக்கத்தில் அந்த இடம் யாரும் உலாவ விரும்பாத ஊர்ப்புறமாகக் கிடந்தது. நிலம் நகரின் கையிலேயே இருந்தது, அதற்கு வேறு போட்டி இல்லை என்பவை பிற்பாடு பெரிய சாதகங்களாயின. மற்ற நகரங்கள் இந்நிகழ்வைப் பின்பற்ற முயலும்போது இந்த ஒன்றைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

## 1974: கொள்கையில் இருந்த ஒரு விதிவிலக்கு

1972இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அதைச் செய்து முடிப்பதற்கான கட்டுமானச் செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசே மானியமாகத் தந்தது. 1974இல் கலிஃபோர்னியாவின் மாநில நீர்வாரியம் இன்னும் ஒரு படி மேலே போய், அடைபட்ட விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் நகரக் கழிவுநீரை விடுவதை, அது சுத்திகரிக்கப்பட்டதாயினும், படிப்படியாக நிறுத்தவேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. நீரோட்டம் மந்தமான இடத்தில் மாசு தேங்கும் என்பது அதன் தர்க்கம்; பொதுவாக நோக்கினால் அது நியாயமானதே.

அக்கொள்கையில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. விடப்படும் நீர் விரிகுடாவின் நிலையை ‘மேம்படுத்தும்’ என்று காட்ட முடிந்தால் அனுமதி கிடைக்கும். மேம்பாடு என்றால் என்ன? முழுமையான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பும் கிருமிநீக்கமும் இருக்கவேண்டும். நீரின் பயன்களைக் காக்க விதிக்கப்படும் கூடுதல் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே உள்ள பயன்கள் மேலும் முழுமை பெறவோ புதிய பயன்கள் உண்டாகவோ வேண்டும். அதாவது தீங்கு இல்லை என்று காட்டினால் போதாது, நன்மை உண்டு என்று காட்டவேண்டும். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் கழிவுநீரை விடுபவர் தலையில் இருந்தது. இவ்விதிவிலக்கை ஒரு சிறு நகரம் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் என்று கொள்கையை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

## பெருந்திட்டமும் அதற்கு எழுந்த மறுப்பும்

விதிவிலக்கை நாடாமல் கொள்கைக்கு இணங்கும் வழியும் ஒன்று இருந்தது. ஆர்கேட்டா, யுரீகா, மெக்கின்லிவில் உள்ளிட்ட பகுதிகள் சேர்ந்து 1975இல் ஒரு கூட்டு அமைப்பை நிறுவின. எல்லா ஊர்க் கழிவுநீரையும் நீண்ட குழாய்களில் திரட்டி, விரிகுடாவின் அடியில் கடத்தி, மணல்திட்டின்மேல் அமையும் ஒரே பெரிய நிலையத்தில் சுத்திகரித்து, பசிபிக் பெருங்கடலில் விடுவது அதன் திட்டம். மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் 5 கோடி டாலரைத் தாண்டியது. கட்டுவதற்கு மத்திய மானியம் பெருமளவு கிடைக்கும் என்றாலும், அத்தனை நீரையும் இரவு பகலாக இறைக்கும் மின்செலவும் பராமரிப்பும் என்றென்றும் ஊர்களின் பொறுப்பாகவே இருந்திருக்கும்.

ஆர்கேட்டாவில் எழுந்த மறுப்புக்குச் செலவு ஒரு காரணம். குழாய் செல்லும் வழியெங்கும் இணைப்பு கிடைப்பதால் இடைப்பட்ட விளைநிலங்கள் மனைகளாகிவிடும் என்ற கவலை இரண்டாவது. நிலநடுக்கம் மிகுந்த கடற்கரையில் விரிகுடாவின் அடியிலே கழிவுநீர்க் குழாயைப் பதிப்பது குறித்த தயக்கமும் இருந்தது. இவற்றோடு, இன்னொரு குரல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மீன்வளத் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆக்சிஜனேற்றக் குளத்தின் ஓரத்தில் தனிக் குளங்கள் அமைத்து, சுத்திகரித்த கழிவுநீரையும் விரிகுடாவின் உப்புநீரையும் கலந்து, அதில் சால்மன் குஞ்சுகளை 1970களின் தொடக்கத்திலிருந்தே வளர்த்துவந்தார். ஊட்டச்சத்து மிகுந்த நீரைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டுவது வீண் என்ற வாதத்துக்கு அந்தக் குளங்கள் கண்முன் நிற்கும் சான்றாயின.

எதிர்ப்பு வலுக்க, கூட்டுத்திட்டம் தளர்ந்து கலைந்தது. யுரீகா பின்னர் தனக்கென ஒரு நிலையத்தைக் கட்டி, ஓதம் வடியும் நேரத்தில் மட்டும் நீரை விட்டு, அது கடலுக்குப் போய்ச் சேரும்படி செய்துகொண்டது. ஆர்கேட்டாவின் பாதையோ விதிவிலக்கின் வழியே சென்றது.

## நகரம் முன்வைத்த மாற்று

1977இல் நகரம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதில் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ஒருவரும், மேற்சொன்ன மீன்வளப் பேராசிரியரும், நகரப் பொதுப்பணித் துறையினரும், நகர மன்றத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். இருக்கும் ஆக்சிஜனேற்றக் குளங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால் சதுப்பு நிலங்களை உருவாக்கி, அவற்றின் வழியே நீரைச் செலுத்தித் தூய்மையாக்குவதும், அந்த நீராலேயே வனவுயிர் வாழிடம் ஒன்றைப் படைப்பதும் அவர்கள் முன்வைத்த மாற்று.

மாநிலத் தரப்பில் தயக்கம் இருந்தது. அதை வெறும் அலுவலகப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு தொட்டியில் காற்றூட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு கோரைப்புதரிடம் அப்படிச் சொல்ல இயலாது. செடிகள் மடியும் குளிர்காலத்தில் என்ன ஆகும், பெருமழையில் என்ன ஆகும், பத்தாண்டு கழித்து என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அன்றைக்கு எவரிடமும் நீண்டகாலத் தரவு இல்லை. விவாதத்தில் இரு தரப்பும் சரி என்று சொல்லத்தக்க நிலை. அதிலிருந்து வெளியேறும் வழியாக, 1979இல் மூன்றாண்டுப் பரிசோதனைக்கு வாரியம் ஒப்புக்கொண்டது.

அதே காலத்தில் நகரம் செய்த இன்னொன்று இந்நிகழ்வின் மிகக் கூர்மையான முடிவு என்று நான் கருதுகிறேன். மாநிலக் கடலோரப் பாதுகாப்பு நிதியுதவியுடன், குப்பைக் கிடங்கையும் பழைய ஆலை நிலத்தையும் சுற்றியிருந்த சீர்கெட்ட பரப்பில் மூன்று நன்னீர்ச் சதுப்புகளை, மொத்தம் 31 ஏக்கரில், உருவாக்கி 1981 ஜூலை 4 அன்று திறந்துவைத்தது. அவற்றில் அப்போது கழிவுநீர் ஒரு சொட்டும் விடப்படவில்லை. அனுமதி வருமா என்பது தெரியாத நிலையிலேயே, அனுமதிக்குக் காட்டவேண்டிய ‘புதிய பயன்’ தரையில் இருந்தது; மக்கள் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில் உள்ள ஒரு சரணாலயத்தை மறுப்பது எளிது. வாத்துகள் நீந்தும் சரணாலயத்துக்கு நீர் தர மறுப்பது அத்தனை எளிதன்று.

## பரிசோதனையில் கண்டவை, 1979–1982

சதுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள ஆக்சிஜனேற்றக் குளத்தின் நடப்பைச் சற்று அருகில் சென்று பார்க்கவேண்டும். அக்குளத்தில் இயந்திரக் காற்றூட்டலின் வேலையைப் பாசி செய்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிட, அதை எடுத்துக்கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைவில் வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடையும் ஊட்டச்சத்தையும் பாசி எடுத்துக்கொள்கிறது. வெயில் நிறைந்த பிற்பகலில் நீர் ஆக்சிஜனால் நிறைந்து, கார்பன் டை ஆக்சைடு குறைந்து, காரத்தன்மை ஏறி நிற்கும். இரவில் பாசியும் சுவாசிப்பதால் ஆக்சிஜன் சரிந்து, விடியலில் மிகக் குறைவாக இருக்கும். மலிவான, திறமையான ஏற்பாடு. ஆனால் குளத்தைவிட்டு வெளியேறும் நீர் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைதான் தலைவலி. சாக்கடையின் கழிவு போய்விட்டது. அதன் இடத்தில் பாசி வந்து உட்கார்ந்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தின் வடிதாளுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கான மாதச் சராசரி வரம்பு, நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், பிஓடிக்கும் (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 30 மில்லிகிராம். பாசி மிகுந்த நீர் இவ்வரம்பைத் தாண்டிவிடும்.

சிறு சிறு பாத்திகளாகப் பிரித்த சதுப்பில் இந்த நீரை விட்டு, ஆழத்தையும் ஓட்டத்தையும் செடிகளின் அடர்த்தியையும் மாற்றி மாற்றி அளந்தார்கள். உயர்ந்து வளரும் கோரையும் சம்பும் அடர்ந்த பாத்திகளில் நீர்ப்பரப்பின்மேல் நிழல் விழுந்தது. ஒளி இல்லாத பாசி மடிந்து அடியில் படிந்தது. காற்று அலைக்காததால் படிந்தது மீண்டும் கலங்கவில்லை. அத்தகைய பாத்தியில் நிற்கும் ஒரு கோரைத் தண்டை நீருக்கடியிலிருந்து இழுத்து விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பு தண்டைப் போர்த்தி வாழும் நுண்ணுயிர்ப் படலம். கரைந்துள்ள கழிவைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் அதனுடையது. செடி நேரடியாக உறிஞ்சி எடுப்பதைவிட, நிழலும் அமைதியும் ஒட்டி வாழ இடமும் தருவதன்மூலம் அது செய்யும் உதவியே பெரிது. இதை அறிந்தபின் குளிர்காலம் பற்றிய பழைய அச்சம் பாதியாகக் குறைந்தது. தண்டு காய்ந்தாலும் நீருக்குள் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இதே பரிசோதனை ஒரு முரண்பாட்டையும் வெளிக்கொணர்ந்தது. நீரைச் சுத்தம் செய்ய அடர்ந்த புதர் வேண்டும். வாத்துகளுக்கோ திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். திறந்த பரப்பில் வெளிச்சம் விழுந்தால் பாசி மறுபடி தளிர்க்கும். பறவைகள் கூடினால் அவற்றின் எச்சத்தால், மலக்கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் ஏறும். சுத்திகரிப்புக்கு நல்ல சதுப்பும் பறவைக்கு நல்ல சதுப்பும் ஒன்றல்ல என்பது அளவுகளில் தெளிவாகத் தெரிந்தது.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பரிசோதனை முடிவுகளை ஏற்று 1983இல் வட்டார நீர்வாரியம் அனுமதி வழங்கியது. 1986 வாக்கில் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது.

முதல் முடிவு, சதுப்பை இரண்டாகப் பிரித்தது. ஆக்சிஜனேற்றக் குளங்களை ஒட்டி, அடர்ந்த கோரை கொண்ட சுத்திகரிப்புச் சதுப்புகள் தனியே அமைந்தன. அவை நிலையத்தின் ஓர் உறுப்பு, அவற்றின் வேலை வரம்புக்குள் நீரைக் கொண்டுவருவது. 1981இல் திறந்த 31 ஏக்கர் மேம்பாட்டுச் சதுப்புகள் சரணாலயத்தின் பகுதியாக நீடித்தன; அவற்றில் திறந்த நீரும் தீவுகளும் புதர்களும் கலந்திருந்தன. முரண்பட்ட இரு தேவைகளை ஒரே குளத்தில் சமரசம் செய்யாமல் இரு குளங்களாக்கியதே இந்த அமைப்பு நிலைத்ததற்கு முதற்காரணம் என்பேன். அந்த மூன்று சதுப்புகளுக்கும், இதற்காகப் போராடிய இரு பேராசிரியர்கள், ஒரு நகர மன்றத்தலைவர் ஆகியோரின் பெயர்களை நகரம் சூட்டியது.

இரண்டாவது முடிவு கிருமிநீக்கம் பற்றியது. முதன்முறை கேட்பவருக்கு இது விசித்திரமாகவே படும். சுத்திகரிப்புச் சதுப்பிலிருந்து வரும் நீருக்கு நிலையத்தில் குளோரின் ஏற்றப்பட்டது. பின்பு அது மேம்பாட்டுச் சதுப்புகளுக்கு இறைக்கப்பட்டது. அங்கே உலவிய நீர் மறுபடி நிலையத்துக்கே திரும்பிவந்து, இரண்டாம் முறை குளோரின் ஏற்றப்பட்டு, எஞ்சிய குளோரின் நீக்கப்பட்டு, அதன்பிறகே விரிகுடாவை அடைந்தது. சரணாலயத்தில் பொதுமக்கள் நடமாடுவதால் நீர் உள்ளே நுழையுமுன் கிருமிநீக்கம் வேண்டும். உள்ளே பறவைகள் இருப்பதால், வெளியேறும்போது கோலிஃபார்ம் அளவு மீண்டும் உயர்ந்திருக்கும். விரிகுடாவில் சிப்பி வளர்வதால் அதை அப்படியே விட இயலாது. விரிகுடாவின் மீனுக்கும் சிறு உயிர்களுக்கும் குளோரின் நஞ்சு என்பதால் அதையும் நீக்கியாகவேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே காரணம் சரியாகவே இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது, பறவைகள் வருவதற்காகவே செய்த ஏற்பாட்டில், பறவைகள் வந்ததன் விலையைக் குளோரினாகக் கட்டவேண்டியதாயிற்று.

மூன்றாவது முடிவு வேலி பற்றியது. அல்லது வேலி இல்லாமை பற்றியது எனலாம். இயந்திரங்களும் தொட்டிகளும் உள்ள பகுதி அடைக்கப்பட்டது; மற்ற கரைகள் நடைபாதைகளாகத் திறந்துவிடப்பட்டன. நடப்பவர் மூடிய குப்பைமேட்டின்மேல் ஏறி, உவர்நீர் ஏரியைச் சுற்றி, சதுப்புக்கு வந்து, தாம் எப்போது நிலையத்தின் எல்லைக்குள் இருக்கிறோம், எப்போது வெளியே வந்தோம் என்பதை அறியாமலே நடந்து முடிக்கலாம். கழிவுநீரை மறைக்காமல் காட்டுவது என்ற நிலைப்பாட்டை நகரம் வேண்டுமென்றே எடுத்தது.

கசடு செரிப்பான்களுக்குப் போய் மக்க வைக்கப்படுவது வழக்கமான நடைமுறையே. அதில் விரித்துச் சொல்ல ஏதுமில்லை.

## தொடர்ந்து நிகழ்ந்தவை

1987இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து வழங்கும் அரசு நிர்வாகப் புதுமைக்கான விருது ஆர்கேட்டாவுக்குக் கிடைத்தது. 1993இல் சரணாலயத்தில் ஒரு விளக்க மையம் திறக்கப்பட்டது. குளங்கள், சதுப்புகள், உவர்நீர்ப் பகுதி, ஓத வாய்க்கால் எல்லாம் சேர்ந்து இன்று 307 ஏக்கர். பதிவான பறவை இனங்கள் 300க்கும் மேல். 1980இல் ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த ஓர் ஊருக்கு இது சிறிய சாதனையன்று.

பறவை பார்க்க வருபவர்கள் விரைவில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: அழகாக வடிவமைத்த மேம்பாட்டுச் சதுப்புகளில் மட்டுமன்றி, பச்சைக் குழம்பு போலிருக்கும் ஆக்சிஜனேற்றக் குளங்களிலும் குளிர்காலத்தில் வாத்துகள் திரளாக இறங்குகின்றன. அங்கே உணவு மிகுதி. தட்டைவாயன் வாத்து நீரைச் சலித்தபடியே வட்டமிட்டு நீந்துவதையும், ஊசிவால் வாத்து வால் மேலே நிற்கத் தலைகுப்புறக் கவிழ்வதையும் அங்கே காணலாம். இவ்விரண்டும் நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் அதே இனங்கள்தாம். ஓதம் ஏறிச் சேற்றுவெளி மூழ்கும் நேரத்தில், அங்கு இரைதேடிய கரைப்பறவைகள் கூட்டங்கூட்டமாக உவர்நீர் ஏரித் தீவுகளுக்கு ஒதுங்குகின்றன. நீர்நாய்களும் தென்படுகின்றன. ஆக, ‘புதிய பயன்’ என்ற சட்டச் சொல்லுக்கு யாரும் மறுக்க இயலாத பொருள் கிடைத்துவிட்டது.

மக்கள் பழக்கத்திலும் மாற்றம் வந்தது. தம் வீட்டுக் கழிப்பறையிலிருந்து போகும் நீர் எங்கே போகிறது என்று ஊரில் பலருக்கும் தெரியும். மாணவர்கள் அங்கே வந்து நீரை அளந்து படிக்கிறார்கள். தன்னார்வலர்கள் வழிகாட்டி நடத்திச் செல்கிறார்கள். கட்டண உயர்வு விவாதத்துக்கு வரும்போது, கண்ணால் பார்த்திராத ஒரு நிலையத்துக்காகப் பேசுவதற்கும் ஞாயிறு காலை நடந்துவரும் ஓர் இடத்துக்காகப் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு.

## பின்னாளில் தலைகாட்டிய சிக்கல்கள்

சதுப்பு தானாக வேலை செய்யும், ஆனால் தானாகத் துப்புரவு செய்துகொள்ளாது. ஆண்டுதோறும் மடியும் கோரையும் படியும் பாசியும் சேர்ந்து அடியில் மக்குப் படலமாகத் தடிக்கின்றன. ஆழம் குறைய, நீர் தங்கும் காலம் குறைகிறது. நீர் புதர்களுக்கிடையே தனக்கென ஒரு குறுக்குவழியை அறுத்துக்கொண்டு நேராக வெளியேறிவிடுகிறது. வல்லாரையைப் போன்ற இலையுடைய மிதவைச் செடி பரப்பில் பாயாக விரிகிறது. இவற்றை அகற்ற இயந்திரத்தை இறக்கவேண்டும். இறக்கினால் கூடுகட்டிய பறவைகள் கலையும். எந்த மாதத்தில் தூர்வாருவது என்ற கேள்வி, இரண்டு பொறுப்புகள் ஒரே கரையில் நேருக்கு நேர் சந்திக்கும் இடம்.

மழை இரண்டாவது சிக்கல். இப்பகுதியில் குளிர்காலமே மழைக்காலம். பழைய நிலத்தடிக் குழாய்களின் பொருத்துகள் வழியே மழைநீரும் நிலத்தடி நீரும் புகுந்து, புயல் நாட்களில் வரத்து வறண்ட காலத்தைவிடப் பல மடங்காகிறது. வெயிலை நம்பியிருக்கும் குளங்களுக்கு, வெயிலே இல்லாத நாளில்தான் நீர் மிகுதி. நிலையத்துக்குள் எதைச் செய்தாலும் இச்சிக்கல் தீராது. ஊருக்குள் குழாய்களைச் சீரமைத்தால்தான் குறையும்.

மூன்றாவது, மேலே சொன்ன சுற்றோட்டம். சரணாலயத்திலிருந்து திரும்பிவரும் நீரும் சுத்திகரிப்புச் சதுப்பிலிருந்து புதிதாக வரும் நீரும் ஒரே குளோரின் தொட்டியில் கலந்தன. அப்படியானால் விரிகுடாவை அடையும் நீரில் ஒரு பகுதி மேம்பாட்டுச் சதுப்பைக் காணாமலே போயிருக்கும். அனுமதியின் அடிப்படையே மேம்பாடு எனும்போது இது சட்டத்தின் வேரையே தொடுகிறது. குளோரின் கரிமப் பொருளோடு வினைபுரிந்து உண்டாக்கும் துணைப்பொருள்கள்மீதான கட்டுப்பாடும் காலப்போக்கில் இறுகியது. ஆகவே எல்லா நீரும் குளம், சுத்திகரிப்புச் சதுப்பு, மேம்பாட்டுச் சதுப்பு என ஒரே திசையில் வரிசையாகச் சென்று, கடைசியில் ஒரே முறை கிருமிநீக்கம் பெற்று வெளியேறும்படி அமைப்பை மாற்றுவது என்றும், குளோரினுக்குப் பதிலாகப் புற ஊதா ஒளியைப் பயன்படுத்துவது என்றும் முடிவாகி, அண்மை ஆண்டுகளில் பெரும் புதுப்பிப்புப் பணி நடந்தது. 1986இல் ஒவ்வொரு படிக்கும் சொன்ன காரணங்கள் தவறென்று இதற்குப் பொருளில்லை. அன்று குளோரின் எளிதாகக் கிடைத்த வழி. புற ஊதா ஒளிக்கு நீர் தெளிவாக இருக்கவேண்டும் என்பதால், பாசியைப் பிடிக்கும் அந்தக் கோரைப்புதர்களின் பொறுப்பு இப்போது முன்னிலும் கூடியிருக்கிறது.

நான்காவதே மிகப் பெரியது. நிலையமும் சரணாலயமும் ஒருகாலத்தில் கடலிடமிருந்து கரைபோட்டுப் பறித்த நிலத்தில் இருக்கின்றன. நிலம் தாழ்ந்துகொண்டே வருவதால், நிலத்தை ஒப்பிட்டுப் பார்க்கையில் கடல்மட்டம் மிக விரைவாக உயரும் கலிஃபோர்னியக் கடற்கரைப் பகுதி ஹம்போல்ட் விரிகுடாவே. பேரோத நாட்களில் கரையின் விளிம்புவரை நீர் ஏறுகிறது.

## மீண்டும் செய்வதானால்

இரு சதுப்புகளாகப் பிரித்ததையும், அனுமதிக்கு முன்னரே சரணாலயத்தைத் தரையில் உருவாக்கியதையும் மாற்றவேண்டியதில்லை. மாற்றவேண்டியவற்றில் முதலாவது, மக்கை அகற்றும் செலவு. கட்டுமான மதிப்பீட்டிலேயே, இத்தனை ஆண்டுக்கொருமுறை இந்தப் பாத்தி, அதற்கடுத்து அந்தப் பாத்தி என்று சுழற்சியையும் பணத்தையும் எழுதிவைத்திருக்க வேண்டும். சதுப்பு மலிவானது என்ற வாதத்தால் வென்ற திட்டத்தில் பராமரிப்புச் செலவைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வராது என்பதால்தான் அதைத் தொடக்கத்திலேயே எழுதியாகவேண்டும். ஒரு பாத்தியை நிறுத்திவைத்துத் தூர்வாரும்போதும் மற்றவை வரம்புக்குள் நிற்கும்படி, உபரிப் பாத்தி ஒன்றையும் சேர்த்தே கட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, நீரின் பாதையை முதல்நாளிலேயே ஒரே திசையாக வகுத்திருக்கலாம். இரண்டு கிருமிநீக்கப் படிகள் வேண்டியிருந்தாலும் அவற்றுக்குத் தனித்தனித் தொட்டிகள் அமைத்திருந்தால், எந்த நீர் எங்கே இருந்தது என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்திருக்காது.

மூன்றாவது, பொறுப்பைப் பற்றியது. சரணாலயத்தின் நீர்மட்டத்தை யார் முடிவுசெய்வது, நிலையத்தை இயக்குபவரா, வனவுயிரைக் கவனிப்பவரா? ஆர்கேட்டாவில் இரண்டும் ஒரே நகராட்சியின் கீழ் இருந்ததால் இது பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள் பேசித் தீர்ந்தது. இரு வேறு துறைகளிடம் நிலம் பிரிந்து கிடக்கும் ஊர்கள் இதைப் பின்பற்றுவதானால், தூர்வாரும் மாதம், மதகைத் திறக்கும் அதிகாரம், புயல் நாளில் யார் சொல் செல்லும் ஆகிய மூன்றையாவது ஒப்பந்தமாக எழுதியபின்னரே முதல் கோரையை நடவேண்டும்.

கடல்மட்டத்தைப் பொறுத்தவரை, கரையை உயர்த்தி இன்னும் சில பத்தாண்டுகள் இங்கேயே இருப்பதா, மேட்டுநிலத்துக்கு நகர்வதா என்பதே நகரத்தின் முன்னுள்ள கேள்வி. நகர்வதானால் தொட்டிகளையும் புற ஊதாக் கருவிகளையும் புதிய இடத்தில் கட்டிவிடலாம். மேம்பாட்டுச் சதுப்பை அப்படி நகர்த்த இயலாது. நிலையம் போய்விட்டால் அதற்கு இன்றுள்ள அளவு நன்னீர் வராது. சதுப்பு உவர்நீரானால், 1974 கொள்கையின்படி நிலையம் எதைக் காட்டி அனுமதியைப் புதுப்பிக்கும்? அந்த நிலையில் உவர்ச் சதுப்பையே புதிய பயனாக ஏற்பார்களா என்பதைக் கரை உடையும் ஆண்டுவரை தள்ளிப்போடாமல், அடுத்து அனுமதியைப் புதுப்பிக்கும்போதே வாரியத்திடம் கேட்டு எழுத்தில் பெற்றுவைக்க வேண்டும்.